உழைக்கும் உடலும் சின்ன வெங்காயமும்

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் விவசாயிகள், நல்ல காயையெல்லாம் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பொடிக் காயை வீட்டுக்கு வைத்துக் கொள்வது வழக்கம். விற்ற பணத்தில் உடல் அசதிக்கென்று டவுனில் சத்துப்பொடி டப்பா வாங்கி வருவோரும் உண்டு. அண்மைக் காலமாக இக்கடைகளில் 'பிரீபயாடிக்' என்ற பெயரிலும் பொடிகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் பலவற்றில் இருக்கும் முக்கியச் சரக்கு இன்யூலின் ஆகும். காப்பித்தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரிக் கிழங்கிலிருந்தே இது பெருமளவில் எடுக்கப்படுகிறது. இதே இனத்தைச் சேர்ந்த நார்ச்சத்து வெங்காயத்திலும் பூண்டிலும் இயற்கையாகவே உள்ளது. நெல்லும் உருளைக்கிழங்கும் தம் உணவை மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. வெங்காயமோ அதை ஃபிரக்டான் என்ற இச்சத்தாகச் சேமிக்கிறது.

பிரீபயாடிக் என்ற சொல் 1995-இல் வழக்குக்கு வந்தது. நமக்குச் செரிக்காமல், பெருங்குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் பொருளை இது குறிக்கும். மாடு வளர்ப்போருக்கு இதை விளக்குவது எளிது. மாடு தின்ற வைக்கோலைச் செரிப்பது மாடு அன்று. அதன் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே. அவை வைக்கோலை நொதிக்க வைத்து வெளிவிடும் அமிலங்களிலிருந்துதான் மாடு தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைப் பெறுகிறது. மனிதனின் பெருங்குடலிலும் அதே அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் குடல் சுவருக்கு உணவாகிறது. அசெட்டிக் அமிலம் இரத்தத்தில் கலந்து தசைகளுக்கும் ஓரளவு பயன்படுகிறது. ஆனால் மாட்டைப் போலன்றி, மனிதனுக்கு இவ்வழியில் கிடைக்கும் சக்தி மிகச் சிறிய பங்கே. அதுவும் பல மணி நேரம் கழித்தே கிடைக்கும்.

எனவே காலையில் பொடியைக் கரைத்துக் குடித்தால் வயலில் உடனே தெம்பு வரும் என்று எண்ணுவது தவறு. வரப்பு வெட்டுதல், மூட்டை தூக்குதல் போன்ற கடும் உழைப்பில் தசைகள் முக்கியமாக எரிப்பது மாவுச்சத்தையே. உண்ட சோற்றில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளில் சுமார் 400 கிராமும், ஈரலில் சுமார் 100 கிராமும் இருப்பாக நிற்கும். இரவு உறக்கத்தில் ஈரலின் இருப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வெறும் டீயைக் குடித்துவிட்டு ஆறு மணிக்கு மண்வெட்டி பிடிப்பவருக்குப் பத்து மணிக்குள் கை நடுங்குவதும் கண் இருட்டுவதும் இதனாலும் இருக்கலாம். கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். அதனுடன் உப்பும் போகிறது.

கடினமாக உழைக்கும்போது இரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பப்படுகிறது. அந்நேரத்தில் வயிற்றில் நார்ச்சத்து மிகுந்திருந்தால் உப்புசமும் வலியும் உண்டாகும். ஏர் பூட்டும் முன் காளைக்கு எவரும் வயிறு புடைக்கத் தீனி வைப்பதில்லை. அவிழ்த்துக் கட்டிய பிறகே வைக்கிறோம். தனக்கென்று வரும்போது மட்டும் விவசாயி இதை மறந்துவிடுகிறார்.

ஆகவே காலை வேளைக்குப் பழைய சோறே போதுமானது. சோறு சக்தியைத் தருகிறது. ஆறி ஊறிய சோற்றில் ஒரு சிறு பகுதி மாவு செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. உப்பிட்ட நீராகாரமும் மோரும் வியர்வையில் போனதை ஈடு செய்யும். கடித்துக் கொள்ள நான்கைந்து சின்ன வெங்காயம் போதும். நல்ல தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். கோடையில் கெட்ட வாடை வந்த சோற்றை மாட்டுத் தொட்டியிலும் கொட்டாமல் எறிந்துவிடுவதே நலம். இடைவேளைக்குச் சிறுமலை வாழைப்பழம் இரண்டு உகந்தது. 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. அது கிடைக்காத ஊரில் எந்த வாழைப்பழமும் ஆகும்.

நார்ச்சத்தை மிகுதியாக உண்ண ஏற்ற வேளை இரவு. வெங்காயச் சாம்பார், தட்டைப்பயறு, கொள்ளு, துவரை ஆகியவற்றை அப்போது தாராளமாகச் சேர்க்கலாம். பயறு வகைகளிலும் குடல் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற சர்க்கரைகள் உள்ளன. வெங்காயம் வேகும்போது இச்சத்து நீரில் இறங்கினாலும் குழம்பிலேயே தங்கிவிடும்.

கடின உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 3470 கலோரியும் பெண்ணுக்கு 2720 கலோரியும் தேவை என ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2020-இல் மதிப்பிட்டது. களையெடுத்து வந்து, சமைத்து, கடைசியில் மிச்சத்தை உண்ணும் பெண்ணும் இக்கணக்கில் அடங்குவார் என்பதை வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும். எந்த டப்பாவும் இக்குறையை நிரப்பாது.

வெங்காயம் சாப்பிட்டால் வயிறு உப்பும் உடல்வாகு உடையவர்கள் அளவைக் குறைத்துக் கொள்ளவும். இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பின் அளவையும், நீரிழிவு உள்ளவர்கள் சோறு, பழத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

விலை ஏறும் எனப் பட்டறையில் மாதக்கணக்கில் வைத்த காயில் ஃபிரக்டான் சிறிது சிறிதாகச் சிதைந்து சர்க்கரையாகிவிடுகிறது; முளை விட்ட காயில் இது மேலும் குறைவு. வீட்டுக்குரிய காயைப் பட்டறையின் அடியில் மிஞ்சுவதிலிருந்து எடுக்காமல், பிடுங்கி உலர்த்திய உடனேயே தரமான காயாகத் தனியே பிரித்து, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைத்து, முதலில் பயன்படுத்தவும்.