ஒரு வலைக்கு இத்தனை பெர்ச் என்றால், ஏரிக்கு எத்தனை?

கேள்வி: ஜெனீவா ஏரியின் வெர்சுவா கரையில் பல வருடமாகப் பெர்ச் மீனுக்குத் தூண்டில் போடுகிறேன். நான் பார்த்த மீன்வள ஆய்வு அட்டவணை ஒன்றில் 'ஒரு வலைக்குப் பெர்ச்' என்ற எண், முந்தைய ஆய்வில் இருந்ததில் பாதியாகிவிட்டது. எனக்கோ இந்த வருடம் நல்ல பிடி. அட்டவணை தப்பா, என் வாளி தப்பா?
(ஜெனீவா வாசகர்)

பதில்: இரண்டும் தப்பில்லை. அட்டவணை ஒன்றை எண்ணியிருக்கிறது, வாளி வேறொன்றை எண்ணியிருக்கிறது.

மதுரை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்தும். அன்று கரையேறும் மீனை எண்ணினால், அந்தக் கண்மாயில் இருந்தது எத்தனை என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். லெமான் என்கிற ஜெனீவா ஏரியில் அது நடக்காது. பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர், ஆழம் 309 மீட்டர் வரை. ஆகவே ஆய்வாளர்கள் தலைகளை எண்ணுவதில்லை. ஒரே மாதிரி வலையை ஒரே மாதிரி விரித்து, அதில் விழுந்ததை மட்டும் எண்ணுகிறார்கள். 'ஒரு வலைக்கு இத்தனை' என்பதை ஒரு தராசின் முள் என்று எடுத்துக்கொள்ளலாம். முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்குத்தான் அங்கே மதிப்பு.

அந்த வலையையே கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய நியமப்படி ஏரியின் அடியில் விரிக்கும் செவுள் வலை 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். யாழ்ப்பாணத்தில் தங்கூசி என்பார்களே, அந்த நைலான் நரம்புதான். இரண்டரை மீட்டருக்கு ஒரு துண்டாக 12 துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். மிகச் சிறிய கண் 5 மில்லிமீட்டர், மிகப் பெரியது 55. கண்ணின் அளவு படிக்குப் படி ஏறத்தாழ 1.25 மடங்கு கூடுகிறது. ஆனால் துண்டுகள் அந்த வரிசையில் தைக்கப்பட்டிருக்காது. 43 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் 19.5, அதற்குப் பக்கத்தில் 6.25 என்று வேண்டுமென்றே கலைத்திருப்பார்கள். ஒரு முனையில் குஞ்சு, மறு முனையில் கிழடு என்று வலையே மீனைப் பிரித்துவிடக் கூடாது, அதற்காக.

மாலையில் விரித்துக் காலையில் தூக்குவார்கள். 3 மீட்டர் வரை ஓர் அடுக்கு, 6 வரை இன்னொன்று, 12 வரை மற்றொன்று என ஆழத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொன்றிலும் இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். 'மீன் கிடக்கிற இடம் எனக்குத் தெரியும்' என்ற அனுபவத்துக்கு இங்கே வேலையில்லை. வாசகரின் தூண்டிலுக்கும் ஆய்வு வலைக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். அவர் மீன் இருக்கும் இடத்துக்குப் போகிறார். வலை, மீன் இல்லாத இடத்துக்கும் போகிறது.

வலைக்கும் ஓரவஞ்சனை உண்டு. பெர்ச் ஓயாமல் திரியும் மீன், முதுகுத் துடுப்பில் முள் வேறு. எளிதில் சிக்கிக்கொள்ளும். புல்லுக்குள் அசையாமல் பதுங்கி இரைக்குக் காத்திருக்கும் பைக் மீனோ, விலாங்கோ வலைக்கு அவ்வளவாக அகப்படாது. அதனால் அட்டவணையில் பெர்ச்சையும் பைக்கையும் பக்கத்தில் வைத்து 'இது அதைவிடப் பத்து மடங்கு' என்று சொல்லக் கூடாது. போன ஆய்வின் பெர்ச்சை இந்த ஆய்வின் பெர்ச்சோடு ஒப்பிடலாம். அதுவும் மாதம், நீரின் வெப்பம், வலைகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போனால்தான்.

எண் பாதியானதற்கு வருவோம். பல ஆய்வு அறிக்கைகளில் பலர் புரட்டிவிட்டுப் போகும் ஒரு படம் இருக்கும்: மீனின் நீளத்தைக் கீழேயும் எண்ணிக்கையைப் பக்கத்திலும் குறித்த வரைபடம். பெர்ச்சுக்கு அதில் ஒட்டக முதுகு போல மேடுகள் தெரியும். பெர்ச் வசந்தத்தில் ஒரு பருவத்தில் மட்டுமே முட்டையிடுவதால், முதல் சில மேடுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஆண்டுப் பிள்ளைகள். இடது ஓரத்துக் குஞ்சு மேடு போன முறை மலையாக இருந்து இந்த முறை மண்மேடாகியிருந்தால், மொத்த எண் பாதியாகிவிடும். பெரிய மீன் ஒன்றுகூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. வாசகரின் வாளி நிறைவது பெரும்பாலும் வலப்பக்க மேட்டிலிருந்து. முட்டை பொரிக்கும் வாரங்களில் குளிர் அடித்தாலே குஞ்சு மேடு சரியலாம். அப்படித்தான் நடந்திருக்கிறது என்றால், அந்தப் பள்ளம் அவருடைய தூண்டிலுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வந்து சேரும்.

நடுநீர் மீன்களுக்குப் படகிலிருந்து ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் முறையும் உண்டு. மீனின் காற்றுப்பையில் பட்டு ஒலி திரும்புகிறது. பகலில் பெர்ச் கூட்டமாகத் திரண்டு ஒரே திட்டாகத் தெரியும். இரவில் கலைவதால் தனித்தனியாக எண்ணலாம். இந்த வேலை இரவில் நடப்பது அதனால்தான். ஆனால் அடித்தரையோடு ஒட்டிய மீன் அதற்குத் தெரியாது, எதிரொலி மீனின் பெயரையும் சொல்லாது. 2010இல் தொடங்கி ஆல்ப்ஸ் வட்டார ஏரிகளை ஆராய்ந்த 'ப்ரோஜே லாக்' திட்டத்தில் வலை, எதிரொலி, கரையோரத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள்.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? மீன் பிடிப்பவர்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கைக் கூட்டினால் போதாதா?

பதில்: அந்தக் கணக்கு தேவைதான். லெமான் ஏரி சுவிஸுக்கும் பிரான்சுக்கும் பொது. இங்கே மீன்பிடிக்க இரு நாடுகளும் 1980இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிடித்த மீனின் கணக்கு இரு கரையிலும் சேர்கிறது. ஆனால் அது மீனோடு சேர்த்து மனிதர்களையும் அளக்கிறது. படகு குறைந்தால் டன்னும் குறையும். கூட்டமாக வாழும் மீன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்: ஏரியில் பத்துக் கூட்டம் இரண்டாகக் குறைந்தாலும், அந்த இரண்டைத் தேடிப்பிடிக்கத் தெரிந்தவருக்குப் பிடி குறையாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு இதுதான் நேர்ந்தது. இழுவைப் படகுகளின் பிடியை நம்பிக் கையிருப்பைக் கூட்டி மதிப்பிட்டுக்கொண்டே போனார்கள். 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று.

லெமானிலேயே இதைவிட விசித்திரமான கதை ஒன்று இருக்கிறது. ஜெனீவா உணவகங்களில் பெருமையோடு பரிமாறப்படும் ஃபேரா மீன், இந்த ஏரியின் பழைய ஃபேரா அல்ல. அந்த இனமும் அதன் உறவான கிராவான்ஷும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அற்றுப்போயின. இன்று வலையில் வருவது நெயூசாத்தெல் ஏரியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 'பாலே' மீனின் வம்சம். மீனவர்கள் அதையும் ஃபேரா என்றே அழைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் 'ஃபேரா' என்ற கட்டம் அப்படியே இருக்கிறது. ஓர் இனம் செத்து இன்னொன்று வந்து உட்கார்ந்ததை அந்தக் கட்டம் காட்டவே இல்லை.

இன்னொரு விஷயம், ஏரியே மாறிக்கொண்டிருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் லெமான் நீரில் லிட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின, 1986இல் சுவிஸ் துணிசோப்புத் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தது. இன்று அளவு 20க்கும் கீழே. சத்து நிறைந்த நீர் பெர்ச்சுக்கும் கார்டோன் என்ற மீனுக்கும் கொண்டாட்டம், சத்துக் குறைந்த தெளிநீர் ஃபேராவுக்கு. 2015இல் குவாகா சிப்பி வந்து நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டத் தொடங்கியது. குளிரில் மேல்நீர் அடிவரை கலந்து ஆழத்துக்கு ஆக்சிஜன் போவதும் அரிதாகி வருகிறது. 2012இல் முழுமையாகக் கலந்தது. இவ்வளவும் நடக்கும் ஏரியில் இரண்டு வருட எண்களை மட்டும் வைத்து வழக்காடுவது வீண்வேலை. பத்து வருட வரிசையாவது வேண்டும்.

கேள்வி: ஏரிக்கரை உணவகம் எதற்குப் போனாலும் பெர்ச் ஃபிலே தட்டு நிறைய வருகிறதே. அப்படியென்றால் ஏரியில் மீன் நிறைய என்றுதானே?

பதில்: இல்லை. இங்கே சாப்பிடப்படும் பெர்ச்சில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாவது. மெனு அட்டையில் 'ஃபிலே த பெர்ஷ்' என்பதற்குப் பின்னால் 'து லெமான்' என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று பார்க்கலாம். விலையைப் பார்த்தாலும் தெரியும்.