நெஞ்சுச் சளிக்குக் கடையில் வாங்கும் மருந்து: அறிந்து குடிப்போம்

குளிர்காலம் தொடங்கிவிட்டால் கனடாவில் எமது வீடுகளில் தடிமனும் இருமலும் ஆள்மாறி ஆள் சுற்றி வரும். பள்ளிக்கூடத்திலிருந்து பேரப்பிள்ளை கொண்டுவருவது அடுத்த கிழமை அம்மம்மாவின் நெஞ்சில் சளியாக இறங்கிவிடும். உடனே மருந்தகத்துக்குப் போய் ஒரு போத்தல் பாணி மருந்து வாங்கி வருகிறோம். வைத்தியரின் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அது யாரும் எவ்வளவும் குடிக்கக்கூடியது என்று ஆகிவிடாது. இவ்வகை மருந்தை எப்படிப் பாதுகாப்பாகப் பாவிப்பது என்று இம்முறை பார்ப்போம்.

சளி ஏன் கட்டுகிறது?

எமது சுவாசக் குழாய்களின் உட்சுவரில் எப்போதும் மெல்லிய சளிப்படலம் உண்டு. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, நுண்ணிய மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளுகின்றன. வைரஸ் தொற்று வந்தால் சளி அதிகமாகச் சுரந்து தடித்துவிடுகிறது. அதை வெளியேற்ற உடல் கையாளும் வழிதான் இருமல். ஆகவே சளியுடன் வரும் இருமலை முற்றாக அடக்குவது நல்லதல்ல. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதால் மட்டும் அன்ரிபயோற்றிக் தேவை என்றும் சொல்ல முடியாது.

இளக்கும் மருந்து என்ன செய்கிறது?

இங்கு கடைகளில் சளியை இளக்கவென விற்கப்படும் மருந்து பெரும்பாலும் குவைபெனசின். இது சளியின் தடிப்பைக் குறைத்து, இருமும்போது வெளியே வருவதை இலகுவாக்குகிறது. இது நோயை மாற்றும் மருந்தல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதும் இல்லை. வளர்ந்தவர்கள் 24 மணித்தியாலத்தில் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய அளவு 2400 மில்லிகிராம். அளவை மீறினால் வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரலாம்.

ஒரே போத்தலில் பல மருந்துகள்

ஆபத்து பெரும்பாலும் குவைபெனசினால் வருவதில்லை, அதனுடன் சேர்ந்திருக்கும் மற்றவற்றால் வருகிறது. பெயருக்குப் பின்னால் டி.எம். என்று இருந்தால் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் கலந்திருக்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு இது ஒத்துவராது. இரண்டும் சேர்ந்து கடுமையான விளைவை உண்டாக்கலாம். மூக்கடைப்பை நீக்கும் சூடோஎபெட்ரின் போன்றவை இரத்த அழுத்தத்தைக் கூட்டும். புரொஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதைச் சிரமமாக்கும். இரவுநேர மருந்துகளில் நித்திரை தரும் பொருள் இருப்பதால் முதியவர்கள் எழும்பும்போது தடுமாறி விழக்கூடும்.

இன்னொன்றை எமது வீடுகளில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஊரில் பனடோல் என்று நாம் அறிந்த பரசிற்றமோலும் இங்கு போத்தல்களில் எழுதப்படும் அசெட்டமினோபெனும் ஒன்றே. காய்ச்சலுக்கு ஒருவர் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு வீதம் நாளுக்கு நான்கு தரம் எடுத்தால், வளர்ந்தவருக்கான உச்ச அளவான 4000 மில்லிகிராமை அதிலேயே எட்டிவிடுகிறார். அதற்கு மேல் அசெட்டமினோபென் கலந்த தடிமன் மருந்தும் குடித்தால் ஈரல் பாதிக்கப்படும்.

சிறுவர்களுக்கு

6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல், தடிமன் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று கனடா சுகாதாரத் திணைக்களம் 2008 இல் அறிவித்தது. குவைபெனசினும் இதில் அடங்கும். வளர்ந்தவரின் மருந்தில் பாதியைக் கொடுப்பது இதற்கு வழியல்ல. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கவைப்பதால் பிள்ளைகளுக்குச் சுடுநீர்க் காயங்கள் ஏற்படுவதுண்டு. அதைத் தவிருங்கள்.

ஊரிலிருந்து வரும் பாணி மருந்து

ஊருக்குப் போய் வருபவர்களிடம் இருமல் பாணி சொல்லி அனுப்பும் பழக்கம் எம்மிடம் உண்டு. அவற்றில் சிலவற்றில் குவைபெனசினுடன் டெர்பியூட்டலினும் கலந்திருக்கும். அது நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் தரக்கூடியது. இதய நோயாளருக்கு நல்லதல்ல. 2025 இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 20 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு பாணி மருந்தில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்ததே காரணம். கனடாவில் அனுமதி பெற்ற மருந்துப் போத்தலில் டி.ஐ.என். என்ற 8 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவோம்.

கவனிக்க வேண்டியவை

1. முன்பக்கப் படத்தை நம்பாமல், பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பொருட்களின் பெயர்களை வாசியுங்கள். சளி மட்டும்தான் தொல்லை என்றால், குவைபெனசின் மட்டும் உள்ளதைக் கேளுங்கள்.

2. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருந்தாளரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கட்டாயம் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சீனி சேராத மருந்தைக் கேளுங்கள்.

3. சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். கரண்டி மாறினால் அளவு மூன்று மடங்காகும். மருந்துடன் வரும் அளவுக் கிண்ணத்தையே பாவியுங்கள்.

4. 12 மணித்தியாலம் வேலை செய்யும் குளிசையை உடைக்காமல், அரைக்காமல் முழுதாக விழுங்குங்கள்.

5. போதிய தண்ணீர் குடியுங்கள். மல்லித் தண்ணீர், சூப் நல்லவை. இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் வைத்தியர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மருந்து எடுத்தும் ஒரு கிழமையில் இருமல் குறையாவிட்டால், காய்ச்சல் விடாமல் அடித்தால், சளியில் இரத்தம் கண்டால் வைத்தியரைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நெடுநாள் புகைப்பவர்களும் மருந்து வாங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், பெரிண்டோப்ரில் போன்ற மருந்து எடுப்பவருக்கு வறட்டு இருமல் நீடித்தால், அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, உதடு நீலமாதல், குழப்பம் இவற்றில் எதுவும் தோன்றினால் காத்திராமல் 911 ஐ அழையுங்கள். ஒன்ராறியோவில் 811 ஐ அழைத்துத் தாதியிடம் ஆலோசனை கேட்கலாம். மொழிபெயர்ப்பு உதவியும் கேட்டுப் பெறலாம்.

இன்றைக்கே வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். திகதி முடிந்தவற்றையும் என்னவென்று தெரியாதவற்றையும் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். மிகுதியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.