குறைமாதக் குழவியின் மூச்சுத் தரிப்பு

எழுத்தோசை உந்தியினின்றும் எழும் வளியாற் பிறக்கின்றது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கொள்கை. இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பித்து வருகின்றோம். ஆயினும், அவ்வளி சில கணம் எழாது நின்றுவிடின் ஒரு வீடு எங்ஙனம் நடுங்கும் என்பதை, நம்மிடம் பயின்ற ஒருவரின் இல்லத்திலேதான் கண்டோம். பாண்டிருப்பிலுள்ள அவ்விளைஞருக்கு முப்பத்துமூன்றாம் வாரத்தில், அஃதாவது எட்டாம் மாதத்தில், ஆண் மகவு பிறந்தது. சில கிழமை வைத்தியசாலையில் வளர்ந்து வீடு சேர்ந்தது. ஏழில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டில் பிறந்தது பிழைக்காது என்று முதியோர் முற்றத்திலிருந்து பேசினர். தாயோ, பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வருகின்றதென்று இரவெல்லாம் கண்துஞ்சாதிருந்தாள். அவ்வீட்டார் பொருட்டு நாம் கற்றும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

எட்டாம் மாதத்தைப் பற்றிய அச்சம் நம்மூர்க்கு மட்டும் உரியதன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கிரேக்க மருத்துவர் இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலும் அது காணப்படுகின்றது. பழைமையுடையது எனினும் பிழையே. கருவறையிற் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆக்கமே தருதலின், எட்டில் பிறந்தது ஏழில் பிறந்ததினும் நன்கு பிழைக்கும்.

முப்பத்தேழு வாரம் நிரம்புமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் இங்ஙனம் பிறந்தன. பத்துக்கு ஒன்று எனலாம். இவர்களுள் 28 வாரத்துக்கு முன் பிறந்தோரில் ஏறக்குறைய எல்லார்க்கும் மூச்சுத் தரிப்பு உண்டாகும். 34, 35 வாரத்திற் பிறந்தோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே அது காணப்படும்.

காரணம் யாது? பேயும் அன்று, கண்ணூறும் அன்று. மூச்சை நடத்தும் மையம் மூளையின் அடித்தண்டில் உள்ளது. குருதியிற் காபனீரொட்சைட்டு மிகுந்தால், மூச்சு விடுக என அஃது ஏவும். குறைமாதக் குழவியில் அவ்வேவல் இன்னும் முதிரவில்லை. அன்றியும், மெல்லிய தொண்டைக்குழல் கழுத்து மடங்கியவிடத்து அடைபட்டுவிடும். பெரும்பாலும் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன.

இனி, தாய்மார் தெளிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. குறைமாதப் பிள்ளைகள் ஐந்து முதல் பத்து விநாடி வரை மூச்சை நிறுத்திப் பின் விரைந்து சில மூச்சு விடுதல் இயல்பு. நிறம் மாறாதவரை அதனால் ஏதமில்லை. இருபது விநாடி கடந்து நிற்பதே நோய். அதனிற் குறைந்தாலும், உதடு நீலம் பாரித்தாலோ, உடல் துவண்டாலோ, நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு நூறின்கீழ்த் தாழ்ந்தாலோ அதுவும் நோயே. கண்ணிமையும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவு என்று நாம் கற்பிப்பதுண்டு. எனினும் அச்சமுற்ற தாயின் கண் விரைந்து இமைக்குமாதலால் இங்கே கடிகாரமே தக்கது.

மருத்துவமனையில் முதற் சிகிச்சை மிக எளியது. தாதி உள்ளங்காலை மெல்லத் தேய்ப்பாள். பல வேளை மூச்சு மீளும். அஃது அடிக்கடி நிகழின் கஃபீன் என்னும் மருந்து கொடுப்பர். 1819இல் செருமானியரான உருங்கே கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. 1867இல் இலூல்கந்துறையில் யேம்சு தெயிலர் நாட்டத் தொடங்கிய நம் தேயிலையிலும் அதுவே உள்ளது. 1970களில் இச்சிகிச்சைக்கு வந்தது. பல நாடுகளில் 2006 குழந்தைகளைக் கொண்டு நடந்த பேராய்வு, தற்செயலாக 2006ஆம் ஆண்டிலேயே வெளிவரத் தொடங்கியது. கஃபீன் பெற்றோர்க்கு நுரையீரற் கேடு குறைந்தமையை அது காட்டிற்று. இதனைப் படித்துவிட்டு எவரும் பிள்ளைக்குத் தேநீர் புகட்டற்க! அளவறிந்து கொடுப்பவர் மருத்துவர் ஒருவரே.

தென்னமெரிக்காவிலே கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் வைத்தியர் எட்கார் இரே வேறொரு வழி கண்டார். வெப்பப் பெட்டிகள் போதாமையால், குழவியைத் தாயின் வெற்று மார்பிற் சேர்த்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் வழங்குவது இதுவே. நிலை தேறிய குழவிக்குச் சூடும் பாலும் இதனால் ஒருங்கு கிடைக்கின்றன.

வீட்டில் நம் வழக்கங்கள் சிலவற்றை விடல் வேண்டும். ஏணையில் இட்டால் குறைமாதக் குழவியின் நாடி நெஞ்சிற் படிந்து தொண்டை அடையும். ஆதலால் சமமான படுக்கையில் மல்லாத்தி வளர்த்துக. சாம்பிராணிப் புகையும் சுருட்டுப் புகையும் ஆகா. நின்றுபோன தரிப்பு மீண்டும் தோன்றினால் அது கிருமித் தொற்றின் அறிகுறியாகலாம். கல்முனை வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்க. மூச்சு நின்றதைக் கண்டால் உள்ளங்காலையும் முதுகையும் தேய்க்க. மீளாவிடின் வாயையும் மூக்கையும் நம் வாயால் ஒருசேர மூடி, கன்னத்தளவு காற்றை மெல்ல ஊதுக. அதற்கிடையே மற்றொருவர் 1990 என்னும் நோயாளர் வண்டி இலக்கத்தை அழைக்க.

நிற்க. அம்மாணவர் வீட்டுக்கு மருத்துவமாது வந்தபோது, தாயை அருகிருத்திக் கடிகாரத்தை நோக்கி எண்ணுவித்தார். எட்டு விநாடி; உதடு செம்மையாகவே இருந்தது. மறுமுறை ஏழு. தாய் அன்றிரவு சிறிது உறங்கினாள். ஏணையை மட்டும் பாட்டியார் தம் கையாலேயே அவிழ்த்து மடித்து வைத்தார்.