சேனைக்கிழங்கு: பூவைக் கண்டு இனமறிதல்

சிவகாசியில் அச்சாகும் சீட்டைக் கண்டே பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று அறிகிறோம். விதைக்கிழங்கு மூட்டையின்மேல் எழுதிய பெயரை அவ்வாறு நம்பிவிடலாகாது. சேனை, கருணை என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறி வழங்குகின்றன. ஒரே பெயரால் இருவேறு கிழங்குகளைக் குறிப்பதும் உண்டு.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் மிகுதி. தென்னையின் நிழலில் சேனை ஊடுபயிராக வளரும். தனிப்பயிராக 90 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 துண்டுகள் வேண்டும். துண்டு அரைக் கிலோ என்றாலும் 2,500 கிலோ விதைக்கிழங்காகும். இனம் தவறினால் அம்முதலும், எட்டு ஒன்பது மாத உழைப்பும் வீணாகும்.

இலையைக் கொண்டு இனமறிதல் எளிதன்று. பயிர்ச்சேனைக்கும் காட்டினங்களுக்கும் ஒற்றைத் தண்டின்மேல் குடை விரித்தாற்போன்ற இலையே உண்டு. ஐயத்தைத் தீர்ப்பது பூவாகும்.

முற்றிய பெரிய கிழங்கு, இலை விடுவதற்கு முன்பே பூக்கும். பயிர்ச்சேனையின் பூ குட்டையான காம்பில், தரையை ஒட்டி அமர்ந்திருக்கும். மடல் மணிபோல் அகன்று விரியும். நடுக்கதிரின் அடியில் பெண் பூக்களும், அதற்குமேல் ஆண் பூக்களும், உச்சியில் கருஞ்சிவப்பான, சுருக்கங்கள் நிறைந்த பருத்த திரளும் காணப்படும். அழுகிய இறைச்சி நாற்றம் வீசும். தென்னிந்தியக் காடுகளில் வளரும் 'அமார்போபாலஸ் சில்வாட்டிகஸ்' என்னும் இனத்திலோ காம்பு மெலிந்து நீண்டு உயரும். கதிரின் உச்சியும் தடிக்காமல் மெல்லியதாய் நீளும்.

பழைய நூல்களில் பயிர்ச்சேனைக்கு 'காம்பானுலேட்டஸ்' என்ற பெயர் காணப்படும். 1977 முதல் 'பியோனிஃபோலியஸ்' என்பதே ஏற்கப்பட்ட பெயர். இவ்விரண்டும் ஒரே இனமே.

ஒன்றை மறத்தலாகாது. பூ இனத்தைக் காட்டுமேயன்றிக் காறலின் அளவைக் காட்டாது. பயிர்ச்சேனையின் இனத்திலேயே காடாய் வளரும் காறல் மிக்க வகையும் உண்டு. காறலுக்குக் காரணம் கிழங்கிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகும். ஆதலின் எக்கிழங்கையும் பச்சையாகச் சுவைத்துப் பார்த்தல் கூடாது.

விதைக்கிழங்கு வாங்குவோர், சமைத்து உண்டு தேர்ந்த அண்டை உழவரிடம் வாங்குவது நலம். வெளியிலிருந்து வாங்கினால் பெரிய முழுக்கிழங்குகள் சிலவற்றை வெட்டாமல் தோட்டத்து மூலையில் தனியே நட்டு, விற்றவர் பெயரையும் நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். அவை பூக்கும்வரை அக்கிழங்கைப் பிறருக்கு விதைக்காக வழங்காதிருக்க வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இப்பழக்கத்தைத் தம் ஊரில் பரப்பினால், ஒருவர் தோட்டத்துத் தவறு ஊர் முழுதும் பரவாமல் தடுக்கலாம்.