கருப்பு இலையில் ஒரு தோட்டம்: 15 குறிப்புகள்

சென்னை சாந்தோம் தேவாலயத்தின் ஊசிக் கோபுரத்தையும் கூர்முனை வளைவு ஜன்னல்களையும் பார்த்தவர்களுக்குக் கோதிக் பாணி புதிதல்ல. 1896-இல் இன்றைய உருவம் பெற்ற கட்டடம் அது. இதே பாணியில் தன் வீட்டைக் கட்டிக்கொண்ட ஆங்கிலேயர் ஹொரேஸ் வால்போல், 1764-இல் ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ என்ற நாவலை வெளியிட்டுப் பேய் மாளிகைக் கதைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். அந்த மாளிகைகளின் சாயலில், கருத்த இலையும் துருவேறிய இரும்பும் பாசி பிடித்த கல்லுமாக அமைப்பதுதான் கோதிக் தோட்டம். ஒரு பால்கனி அளவு இடம் போதும். செடியைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். நர்சரியில் கருப்பாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது என்ற புலம்பலை அடிக்கடி கேட்க முடிகிறது.

1. குளிர் நாட்டுப் பட்டியலை ஒதுக்குங்கள். கோதிக் தோட்டம் என்று தேடினால் ஹியூக்கெரா, ஸ்மோக் புஷ், ‘பிளாக் லேஸ்’ எல்டர், கருப்பு மாண்டோ புல் என்று வரிசையாக வரும். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் மதுரையிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலைத் தாண்டி இவை நிற்பது கடினம். ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் முயன்று பார்க்கலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு வெப்ப நாட்டுச் செடிகளிலேயே வேண்டிய கருப்பு கிடைக்கிறது.

2. வெயில் அளவைப் பார்த்த பிறகு செடியைப் பாருங்கள். கருப்பு இலைக்குள்ளும் பச்சையம் இருக்கிறது. அதன்மேல் ஆந்தோசயனின் என்ற நிறமி அடர்ந்து பச்சையை மறைக்கிறது. நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் கருநீலம் தருவது இதே நிறமிதான். இலை இதைப் பெரும்பாலும் வெயிலுக்குத் தடுப்பாகவே சேர்க்கிறது. எனவே வெயில் குறைந்தால் நிறமியும் குறையும், பச்சை மேலே வரும். வாங்கும் முன் உங்கள் பால்கனியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நேர் வெயில் விழுகிறது என்று ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் கீழே சொல்லும் பெரும்பாலான செடிகள் நிறம் காட்டும். அவ்வளவு வெயில் கிடைக்கவில்லையென்றால் அடுத்த குறிப்புக்குப் போங்கள், வேறு வழியில்லை.

3. நிழலிலும் கருப்பாக இருப்பவை. வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு ‘ரேவன்’ என்ற இசட்-இசட் செடிதான் முதல் தேர்வு. புதுத் துளிர் பளீர்ப் பச்சையாக வரும், சில வாரங்களில் கன்னங்கரேலென்று மாறிவிடும். பச்சைத் துளிரைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மண்ணுக்குள் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி இது. மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், தினமும் ஊற்றினால் அழுகும். ‘பர்கண்டி’ ரப்பர் செடியும் ஜன்னலோரத்தில் நன்றாக வரும். அதைத் தொட்டியிலேயே வையுங்கள். தரையில் விட்டால் பெரிய மரமாகி, வேர் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் தேடிப் போகும். ‘பிளாக் வெல்வெட்’ அலோகேசியா உள்ளங்கை அளவுக் கருவெல்வெட் இலைகளுடன் மயக்கும். போர்னியோவின் ஈரமான காட்டுச் செடி என்பதால், ஏசி அறையின் வறண்ட காற்றில் இலை ஓரம் காயும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. கீரைக்கட்டிலிருந்து தொடங்குங்கள். இருப்பதிலேயே மலிவான வழி இது. சிவப்பு பொன்னாங்கண்ணிக் கட்டில் கீரையை ஆய்ந்த பிறகு, முற்றிய தண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி ஈரம் காத்தால் வேர் பிடித்துவிடும். நல்ல வெயிலில் இலை கருஞ்சிவப்பாக அடரும். நர்சரியில் ஆல்டர்னாந்தெரா என்று விற்கும் அலங்காரச் செடிகள் இதன் உடன்பிறப்புகள்தான். இந்தக் குடும்பத்தில் நிறம் தருவது ஆந்தோசயனின் இல்லை, பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலயின். கிள்ளக் கிள்ளப் புதர் அடர்த்தியாகும், குழம்புக்கும் ஆயிற்று. கோதிக் தோட்டத்தில் கீரை பறிக்கும் வசதி வால்போலுக்குக் கிடைத்திருக்காது.

5. வீட்டில் பெரியவர்கள் கருப்புச் செடியா என்று முகம் சுளித்தால், முதல் தொட்டியாகக் கருந்துளசியை வையுங்கள். யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். தண்டும் பூங்கதிரும் கருநீலமாக இருக்கும் நாற்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். கதிர் முற்ற விட்டால் செடி சீக்கிரம் கிழடு தட்டும், அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

6. பெரிய இலைக்குக் கருஞ்சேம்பு. தோட்டத்தின் நடுநாயகமாக ஒரே ஒரு செடி வாங்குவதானால் நான் ‘பிளாக் மேஜிக்’ சேம்பைத்தான் சொல்வேன். நாம் வறுத்துச் சாப்பிடும் சேப்பங்கிழங்கின் இனமே இது. ஆனால் அலங்காரத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகம், சமையலுக்கு எடுக்க வேண்டாம். யானைக்காது அகலத்தில் கரிநிற இலை தரும். வேர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், வெயிலும் வேண்டும். மே மாத நடுப்பகல் வெயில் மட்டும் இலை ஓரத்தைக் கருக்கும். ஈரத்துக்காகத் தொட்டியின் கீழ் தட்டில் தண்ணீர் தேக்காதீர்கள், டெங்கு கொசுவுக்கு அதுவே போதும். மேல்மண்ணில் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, கோடையில் இரு வேளை ஊற்றுங்கள். இலையை வெட்டும்போது வடியும் சாறு கையில் அரிக்கும். கையுறை போடுங்கள்.

7. குறிஞ்சிக்கு ஒரு கருநீல உறவு உண்டு. நர்சரிகளில் பெர்ஷியன் ஷீல்டு என்ற பெயரில் கிடைக்கும் செடிக்கும் பாரசீகத்துக்கும் தொடர்பில்லை, அதன் பூர்வீகம் மியான்மர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலகிரியிலும் மூணாறிலும் பூக்கிற நீலக்குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினம். ஊதா இலையின்மேல் வெள்ளி பூசியது போன்ற மினுக்கம் இளம் இலைகளில்தான் இருக்கும். அதனால் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளிய நுனியைத் தண்ணீரில் போட்டால் வேர் விடும், ஒரு செடி நாலாகும். அரை நிழலில் வையுங்கள்.

8. தரை தெரியாமல் மூட: வெயிலுள்ள இடத்தில் பர்ப்பிள் ஹார்ட், மரத்தடி நிழலில் ஹெமிகிராஃபிஸ் (கேரளத்தில் முறிகூட்டி), தொட்டி விளிம்பிலிருந்து தொங்கவிட கருப்பு இலைச் சர்க்கரைவள்ளி. பர்ப்பிள் ஹார்ட் மெக்சிகோக் கடற்கரைச் செடி, வறட்சி தாங்கும், துண்டு விழுந்த இடமெல்லாம் முளைக்கும். பக்கத்து வீட்டில் கேட்டாலே ஒரு கைப்பிடி கிடைக்கும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

9. கருப்புக்குப் பின்னால் வெளுப்பு வையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். மனநிலைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பலரும் சுவருக்கும் கருஞ்சாம்பல் பெயின்ட் அடித்து, கருப்புத் தொட்டியில், கருமண்ணில், கருப்புச் செடியை வைக்கிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அங்கே ஒரு பள்ளம் இருப்பது போலத்தான் தெரியும். கருப்பு இலையின் உருவம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் சுண்ணாம்பு வெள்ளையோ இளஞ்சாம்பலோ வேண்டும். தொட்டி மண்ணின்மேல் வெளிர் கூழாங்கல் பரப்பலாம். நடுவே நரைத்த இலைச் செடி ஒன்றிரண்டு வையுங்கள். பூக்கடையில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்து இதற்கு அருமையான செடி. சாம்பல் பூத்த இலை, தொட்டால் மணம். பனிக்காலப் பயிர் என்பதால் கோடையில் நிற்காது, அப்போது வெள்ளிக்கோடு போட்ட டிரடஸ்கான்ஷியா ஸீப்ரினாவை வையுங்கள். பூக்களில் நந்தியாவட்டையும் மல்லிகையும் போதும். மாலை மங்கிய பிறகும் வெள்ளைப் பூ கண்ணில் படும். ஒரே இரவில் மலர்ந்து விடிவதற்குள் வாடும் நிஷாகந்தி இந்தத் தோட்டத்துக்கென்றே பிறந்தது. என் கணக்கில் மூன்று கருப்புச் செடிக்கு ஒரு வெளுப்பு சரியாக இருக்கிறது.

10. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முன்னால் இருந்து வெயில் பட்டால் கருப்பு இலை வெறும் கருப்பு. சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்போது பார்த்தால் மெல்லிய இலைகள் ரத்தச் சிவப்பாக ஒளிரும். சேம்புக்கும் சர்க்கரைவள்ளிக்கும் இது நன்றாகத் தெரியும். நீங்கள் காபி குடிக்க உட்காரும் நாற்காலிக்கும் காலைச் சூரியனுக்கும் நடுவில் அந்தத் தொட்டி வரட்டும். இரவில் மஞ்சள் நிற எல்இடி ஒன்றைச் செடியின் பின்னால் தரையில் வைத்தால் அதே பலன்.

11. மொட்டை மாடியில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். இலையும் கருப்பு, தொட்டியும் கருப்பு, கீழே கான்கிரீட் தளம் என்றால் வேர் வெந்துபோகும். மண் தொட்டி நல்லது. சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். பளபளப்பான பெயின்ட் பூசி அந்தக் குணத்தைக் கெடுக்காதீர்கள். பழைய மண் தொட்டியில் உப்பும் பாசியும் படர்ந்தால் கோதிக் தோற்றம் இலவசமாகக் கிடைக்கும்.

12. போர் தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள். பச்சை இலையில் தெரியாத உப்புக்கறை கருப்பு இலையில் சுண்ணாம்புப் பொட்டாகத் தெரியும். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். தூசி துடைக்க மழைத்தண்ணீரோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ நல்லது, இரண்டிலும் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அது ஆகாது. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இலையின் துளைகளை அடைத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

13. உரத்தில் கை அடக்கம் வேண்டும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் அதிகமானால் பச்சைத் தழை குபுகுபுவென்று வரும், கருப்பு வெளிறும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். நடுவே ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாக வந்தால் அடியோடு வெட்டுங்கள். விட்டால் அதுவே வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். மாவுப்பூச்சி வெள்ளையாக இருப்பதால் கருப்பு இலையில் முதல் நாளே கண்ணில் படும், இது ஒரு லாபம். லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியிலும் படும்படி தெளியுங்கள்.

14. கருப்பு ரோஜா விதை என்று எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். நிஜமான கருப்பு ரோஜா கிடையாது. துருக்கியின் ஹல்ஃபெட்டி ஊரில் பேர்போன ‘கருப்பு’ ரோஜாவும் ஆழ்ந்த சிவப்புதான். ரோஜா ரகத்தை விதையில் காப்பாற்ற முடியாது, ஒட்டுக் கட்டியோ போத்து நட்டோதான் வளர்க்கிறார்கள். கருப்பு பெயின்ட் அடித்த கள்ளிச் செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அலங்காரச் சாமானுக்கும் புதுச் சரக்கைத் தேடாதீர்கள். இடித்த வீடுகளின் ஜன்னல் கிராதி, உடைந்த கல்தூண், இரும்பு விளக்குத் தண்டு எல்லாம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அரைநாள் செலவழிக்கலாம். சாமானைப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

15. விஷச் செடிகளை ஆளைப் பார்த்து வையுங்கள். கோதிக் பாணிக்கும் நச்சுச் செடிக்கும் பழைய நட்பு. இங்கிலாந்தின் ஆன்விக் கோட்டைத் தோட்டத்தில் நச்சுச் செடிகளுக்கென்றே 2005-இல் பூட்டிய கதவுகளுடன் தனிப் பகுதி திறந்தார்கள், எதையும் தொடவோ முகரவோ கூடாது என்பது அங்கே விதி. நம்மிடம் கருஊமத்தை இருக்கிறது, கருஞ்சிவப்பு இலை ஆமணக்கும் இருக்கிறது. தோற்றத்தில் இரண்டையும் மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஊமத்தை முழுக்கவே விஷம், ஆமணக்கு விதையில் இருப்பது ரிசின். நர்சரிகளில் கருஞ்சிவப்பு இலைக்காக விற்கும் யூஃபோர்பியா கோடினிஃபோலியாவை ஒடித்தால் வரும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. சேம்பு, அலோகேசியா, இசட்-இசட் மூன்றும் மென்றால் வாயும் தொண்டையும் எரியும், ஆகவே நாய் பூனைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஊமத்தையும் ஆமணக்கும் வேண்டவே வேண்டாம். காய் முற்றுமுன் பறித்துவிடுவேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். எப்படியும் ஒரு காய் உங்கள் கண்ணுக்குத் தப்பும்.