ஏ.ஐ.: இன்றைய பரபரப்பு வேறு, நாளைய பயன் வேறு

சந்தவாசலில் இருக்கும் உங்கள் செல்போனுக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கும். மூன்றே மாதம் ஏ.ஐ. படித்தால் வேலை உறுதி, கட்டணத்தை இன்றைக்கே கட்டுங்கள் என்பார்கள். அடுத்த வீடியோவில், இனி மனிதருக்கு வேலையே இல்லை என்பார்கள். இரண்டையும் அப்படியே நம்பாதீங்க. அதற்காக ஏ.ஐ. வெறும் புரளி என்றும் ஒதுக்கிவிட வேண்டாம்.

பட்டுத் தறி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை அது. அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்குரிய பாவு இழைகள் உயரும், இல்லாவிட்டால் உயராது. அதற்கு முன்பு இழைகளைத் தூக்கிக் கொடுக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலை போனது. நெசவு போகவில்லை. அதே ஓட்டை அட்டையைத்தான் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்தினார். பின்னாளில் கம்ப்யூட்டர்களிலும் அது ஓடியது. தறியில் தொடங்கியது அங்கே போய்ச் சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

ஏ.ஐ. கதையும் இப்படித்தான், ஆனால் சத்தம் அதிகம். 1956-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய விஞ்ஞானிகள், ஒரே கோடையில் பெரிய முன்னேற்றம் காணலாம் என்று நினைத்தார்கள். மனிதர் செய்யும் எந்த வேலையையும் இருபது வருஷத்தில் இயந்திரம் செய்யும் என்று 1965-இல் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். நடக்கவில்லை. 1973-இல் லைட்ஹில் அறிக்கை வந்த பிறகு பிரிட்டனில் ஆராய்ச்சிப் பணமே குறைந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர்களை இனி உருவாக்க வேண்டாம் என்று 2016-இல் சொன்னவர், பின்னால் நோபல் பரிசு வாங்கிய ஜெஃப்ரி ஹிண்டன். அந்த டாக்டர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். கூடவே அவர்கள் பார்க்கும் படத்தை ஏ.ஐ.யும் பார்க்கிறது. ஆக, இவர்கள் சொன்ன திசை தப்பில்லை, குறித்த தேதிதான் தப்பு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சாட்ஜிபிடி போன்றவை அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகின்றன. அதனால் தவறான பதிலைக்கூட உறுதியாகச் சொல்லும். புடவை பார்டருக்கு நாலு நிற யோசனை கேளுங்கள், நன்றாகவே தரும். நெசவாளர் உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டால், அந்தப் பதிலை இ-சேவை மையத்திலோ கைத்தறித் துறையிலோ சரிபார்த்த பிறகே அலையுங்கள். ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் அதில் தட்டச்சு செய்யவே கூடாது.

ஆன்லைனில் அழகாகத் தெரியும் பட்டுப்புடவைப் படம்கூட ஏ.ஐ. வரைந்ததாக இருக்கலாம். வாங்கும்போது சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். போலிப் படத்துக்குப் போகும் காசு, நெய்தவர் கூலியில் இருந்து போகிற காசு.

பிள்ளைகளுக்கு ஏ.ஐ. சொல்லித்தர ஆசையா? கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன், அவர்கள் கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன பயிற்சி இருக்கிறது என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.