வாலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர்

அமெரிக்கச் சரக்கு விமானங்களில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு, இரவு வானத்திலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற ஒரு கேப்டன் சொல்வது. விமானம் ஓட்டுவதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அதைச் சிமுலேட்டரில் சொல்லித்தருவார்கள். சங்கம், கம்பெனி, வாடிக்கையாளர் என்று மூன்று பேருக்கு நடுவில் எப்படி நிற்பது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் வேண்டாம். ஊரறிந்த வழக்குகளைப் பெயரோடு சொல்கிறேன்.

1. உங்கள் முதலாளி யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் ஏறப்போகும் 767-இன் பக்கத்தில் 'பிரைம் ஏர்' என்று பெரிதாக எழுதியிருக்கலாம். உள்ளே இருப்பதெல்லாம் அமேசான் பெட்டிகள். ஆனால் அமேசானின் சம்பளப் பட்டியலில் இந்த விமானிகள் யாரும் கிடையாது. 2016 மார்ச்சில் ஏடிஎஸ்ஜி என்ற குழுமத்தோடு 20 போயிங் 767-களுக்கும், மே மாதம் அட்லஸ் ஏரோடு இன்னொரு 20-க்கும் அது ஒப்பந்தம் போட்டது. ஏபிஎக்ஸ் ஏர், ஏடிஐ இரண்டும் ஏடிஎஸ்ஜியின் விமான நிறுவனங்கள். விமானிகளைத் தருவது, பராமரிப்பது, காப்பீடு கட்டுவது எல்லாம் இவர்கள் பாடு. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்பது அமேசானின் தேவைப்படி. அதோடு, இரண்டு நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை பங்குகளை வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அதே ஒப்பந்தங்களில் அமேசான் எழுதி வாங்கிக்கொண்டது.

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரியிடம் கூலியை உயர்த்திக் கேட்டால் வீட்டுக்காரரைக் காட்டுவார். வீட்டுக்காரரிடம் போனால், "அதெல்லாம் மேஸ்திரிகிட்ட பேசிக்கோப்பா" என்பார். அதே கதைதான் இங்கேயும். யுபிஎஸ், ஃபெட்எக்ஸ் விமானிகளின் சம்பளம் ஏன் நம்முடையதைவிட மேலே இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே பெட்டிக்குக் கட்டணம் வாங்குபவரும் விமானிக்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒரே ஆள். சங்கம் நேராக அவர் எதிரிலேயே போய் உட்காருகிறது. நம் சங்கம் உட்காரும் மேசையில் பணப்பைக்குச் சொந்தக்காரர் இருக்கவே மாட்டார்.

2. ரயில்வே தொழிலாளர் சட்டத்தைப் படியுங்கள்.

ரயில்வேக்கு என்று 1926-இல் வந்த சட்டம்; 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டினார்கள். இதன்படி ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதி வந்தாலும் ஒப்பந்தம் சாகாது. அன்றிலிருந்து திருத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். புது ஒப்பந்தம் வரும்வரை பழைய சம்பளம், பழைய விதி. பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் நடுவில் வரும். அது எத்தனை மாதம் உங்களை உட்கார வைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை. வாரியம் கைவிரித்து விடுவித்தால் மேலும் 30 நாள் ஆறப்போட வேண்டும். அதற்குப் பிறகும் ஜனாதிபதி ஓர் அவசரக் குழுவை அமைத்துத் தள்ளிப்போட வழி உண்டு.

ஆகவே வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் வாக்களித்த மறுநாளே விமானம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள். ஏடிஐ விமானிகள் 2023-இல் கிட்டத்தட்ட ஒருமனதாக அப்படி வாக்களித்தார்கள். அந்த வாக்குக்குப் பிறகும் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. அந்த வாக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் படிக்க வேண்டிய கடிதம்.

3. பண்டிகைக் காலத்தை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள்.

2016 நவம்பர் 22, நன்றி நவிலல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஏபிஎக்ஸ் ஏரின் விமானிகள் சுமார் 250 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். டீம்ஸ்டர்ஸ் 1224-ஆம் கிளை அவர்கள் சங்கம். ஆள் பற்றாக்குறை, விடுப்பு நாளில் கூப்பிட்டுப் பறக்கவைக்கிறார்கள், அதற்கு ஈடான ஓய்வு நாளைத் தருவதில்லை என்பது குற்றச்சாட்டு. அமேசான் பெட்டிகளோடு டிஹெச்எல் பெட்டிகளும் தரையில் தங்கின. மறுநாளே ஒஹாயோவில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தடை உத்தரவு போட்டார். விமானிகள் வேலைக்குத் திரும்பினார்கள்.

சங்கத்தின் வாதம்: கம்பெனி இருக்கும் நிலையை மாற்றிவிட்டது, ஆகவே இது பெரிய தகராறு, நிறுத்த உரிமை உண்டு. கம்பெனியின் வாதம்: இது இருக்கும் ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லும் சின்னத் தகராறு, நடுவரிடம் போக வேண்டியது. இந்தச் சட்டத்தில் பெரியது சின்னது என்ற பிரிவினையில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டம் எவ்வளவு என்றோ, கோபம் எவ்வளவு நியாயம் என்றோ நீதிமன்றம் முதலில் கேட்பதில்லை. அவர்கள் கோபம் நியாயமானது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் விடுப்பு நாளில் கூப்பிட்ட ஒவ்வொரு முறையையும் தேதி போட்டுக் குறித்துவைத்திருக்கும் விமானிதான் நடுவர் முன்னால் சங்கத்துக்கு உதவுவார். முஷ்டி உயர்த்துபவர் அடுத்தபடிதான்.

4. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். நிஜமாகவே சரியில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அட்லஸ் ஏர் வழக்கு இதற்காகவே படிக்க வேண்டியது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்த 2017-இல், கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்பவர்கள் கூடிவிட்டார்கள், கூடுதல் பயணங்களை யாரும் எடுப்பதில்லை, சரியான நிமிடத்துக்கு முன்னால் விமானத்தை நகர்த்துவதில்லை என்று கம்பெனி நீதிமன்றம் போனது. நவம்பர் கடைசியில் வாஷிங்டன் நீதிபதி ராண்டால்ஃப் மாஸ் சங்கத்துக்கு எதிராகத் தடை விதித்தார். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் உங்கள் உரிமை. கூடுதல் பயணம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. எல்லோரும் சேர்ந்து, சொல்லிவைத்துச் செய்தால் அதற்குப் பெயர் வேறு. சேர்ந்து செய்தார்களா என்று கண்டுபிடிக்க நீதிபதிக்கு மாதவாரிக் கணக்கும், சங்கம் அனுப்பிய செய்திகளும் போதும். நள்ளிரவில் ஹோட்டல் அறையிலிருந்து குழுவில் எழுதும் வீர வசனங்களைக் கம்பெனி வக்கீல் பகலில் நிதானமாகப் படிப்பார்.

5. ஓய்வு விதிதான் உங்கள் சண்டையின் நடு.

சம்பளத்துக்காகச் சண்டை என்று வெளியே பேசிக்கொள்வார்கள். பாதிதான் சரி. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு, விமானிகளின் களைப்பைப் பற்றி அமெரிக்கா புது விதிகளை எழுதியது. 2014 ஜனவரியில் அவை அமலுக்கு வந்தன. பயணிகள் விமானத்தில் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பணி நேரம் 9-இலிருந்து 14 மணி வரை. சரக்கு விமானங்களை மட்டும் இதிலிருந்து விலக்கிவிட்டார்கள். செலவு அதிகம், பலன் அதற்கு ஈடாகாது என்பது சொன்ன காரணம். நமக்குப் பழைய விதி. பணி நேரம் 16 மணி வரைகூடப் போகலாம். யுபிஎஸ் விமானிகளின் சங்கம் வழக்குப் போட்டு 2016-இல் தோற்றது. அதே ஓடுபாதை, அதே இருட்டு, அதே தூக்கம். பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருந்தால் ஒரு சட்டம், பெட்டிகள் இருந்தால் இன்னொன்று. கீழே இருக்கும் வீடுகளில் மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கில் யார் சேர்த்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

2013 ஆகஸ்ட் 14, விடியலுக்கு முன் அலபாமாவின் பர்மிங்காமில் யுபிஎஸ் 1354 தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில், சரக்கு விமானிகளுக்கு மட்டும் ஏன் ஓய்வு குறைவு என்று அவர்களே பேசிக்கொண்டது பதிவாகியிருந்தது. இதை எல்லாச் சங்கக் கூட்டத்திலும் சொல்வார்கள். சொல்லாத பாதியையும் கேளுங்கள்: சரியாக அமையாத இறக்கத்தைத் தொடர்ந்ததுதான் காரணம் என்றது விசாரணை, களைப்பைப் பற்றிச் சொன்னபோது, கிடைத்த ஓய்வு நேரத்தை ஃபர்ஸ்ட் ஆபிசர் சரியாகத் தூங்கிக் கழிக்கவில்லை என்றும் எழுதியது. சட்டம் விட்ட ஓட்டையைச் சங்க ஒப்பந்தம்தான் அடைக்க வேண்டும். அடைத்துக் கொடுத்த நேரத்தில் போனைத் தள்ளிவைத்துத் தூங்குவது உங்கள் வேலை.

6. விபத்தை வாதத்துக்கு இழுக்காதீர்கள்.

2019 பிப்ரவரி 23, மயாமியிலிருந்து ஹூஸ்டனுக்கு அமேசான் பெட்டிகளோடு போன அட்லஸ் 3591 டெக்சாஸின் டிரினிட்டி பேயில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். குறைந்த சம்பளத்தால்தான் என்று ஒருவர் சொல்வார். சங்கம் பிணத்தை வைத்துப் பேரம் பேசுகிறது என்று இன்னொருவர் சொல்வார். 2020-இல் வந்த விசாரணை முடிவைப் படியுங்கள். மேலெழும்பும் இயக்கம் தவறுதலாகத் தூண்டப்பட்டது. உடலுணர்வு ஏமாற்றியதால் ஃபர்ஸ்ட் ஆபிசர் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார். கேப்டன் நேரத்தில் தடுக்கவில்லை. முந்தைய கம்பெனிகளில் பயிற்சியில் தோற்றதை அந்த ஃபர்ஸ்ட் ஆபிசர் மறைத்திருந்தார். கம்பெனியின் ஆள் எடுக்கும் முறை அதைப் பிடிக்கவில்லை. விமானிகளின் பதிவேட்டை அரசு காலத்தில் கொண்டுவரவில்லை. அதற்கு மேலே ஒரு சொல் சேர்க்காதீர்கள். ஆள் எடுக்கும் தரத்தைப் பற்றிப் பேச வேண்டுமா, அறிக்கையில் இருப்பதே போதுமான பலம்.

7. கம்பெனி இன்னொன்றை வாங்கினால் சீனியாரிட்டிப் பட்டியலையும் பொது ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். அட்லஸ் 2016-இல் சதர்ன் ஏரை வாங்கியது. இரண்டு விமானிக் கூட்டத்துக்கும் ஒரே ஒப்பந்தம் 2021-இல்தான் வந்தது, அதுவும் நடுவர் தீர்ப்பாக. நடுவர் தீர்த்த ஒப்பந்தத்துக்கு வாக்குச்சீட்டு கிடையாது.

8. வந்த வாடிக்கையாளர் போவார்.

ஒஹாயோவின் வில்மிங்டனில் வயதானவர்களைக் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுச் சேவையை மூடுவதாக டிஹெச்எல் 2008-இல் அறிவித்ததைத் தொடர்ந்து, அந்தச் சின்ன ஊர் ஆயிரக்கணக்கான வேலைகளை இழந்தது. பிறகு 2015-இல் அமேசான் தன் சோதனைப் பயணங்களை அங்கே தொடங்கியதும் ஊர் நிமிர்ந்தது. 2017 ஜனவரியில் அமேசான் 150 கோடி டாலர் மையத்தைச் சின்சினாட்டி விமான நிலையத்தில், கென்டக்கிப் பக்கம், கட்டப்போவதாக அறிவித்து, பிறகு வில்மிங்டனை விட்டுப் போனது. 2019-இல் வில்மிங்டனுக்கும் திரும்பி வந்தது. ஊரின் நிலைமை இது. விமானியின் நிலைமையும் இதுதான். 2020-இல் சன் கன்ட்ரி 737-களோடும், 2023-இல் ஹவாயியன் ஏ330-களோடும் அமேசானுக்காகப் பறக்க வந்தார்கள். ஒருவர் விலை ஏறினால் இன்னொருவரிடம் விமானத்தை நகர்த்த முடியும்.

இதற்கு மருந்து, பக்கத்தில் நிற்கும் விமானத்தின் ஆட்களோடு பேசுவது. ஏபிஎக்ஸ் டீம்ஸ்டர்ஸில், ஏடிஐ ஆல்பா சங்கத்தில், அட்லஸ் முதலில் டீம்ஸ்டர்ஸில் இருந்து பிறகு ஆல்பாவில். பட்டை வேறு, பெட்டி ஒன்று. நம் வேலையைப் பிடுங்க வந்தவர்கள் என்று அவர்களை முறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதனால் லாபம் அடைந்தவர் அந்த ரேம்பிலேயே இல்லை. கீழே பெட்டி ஏற்றும் பிள்ளைகளிடமும் பெயர் சொல்லிப் பேசுங்கள். கென்டக்கி மையத்தில் அவர்களும் சங்கம் அமைக்க முயன்றவர்கள். 1997 ஆகஸ்டில் யுபிஎஸ் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வேறு சங்கத்து விமானிகள் அவர்களுடைய மறியல் கோட்டைத் தாண்ட மறுத்தார்கள்.

9. ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்ததும் ஓய்வு, விடுப்பு நாள், களைப்பு பற்றிய பிரிவுகளை முதலில் படியுங்கள். அடிக்கோடு போடுங்கள். புரியாததைச் சங்கப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சம்பள அட்டவணையைப் படிக்கச் சொல்லி நான் எழுத வேண்டியதில்லை. அதை இதற்குள் மனப்பாடமே செய்திருப்பீர்கள்.